நான்கு பேர், ஒரு கோல்: பேங்கொக் தங்கமும் புத்தளம் கரையோரமும்

2023ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி, பேங்கொக் சுப்பசலாசாய் மைதானத்தில் ஆசிய மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பின் கடைசி நாள். ஆண்களுக்கான 4×400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் இலங்கை அணி 3 நிமிடம் 1.56 செக்கனில் ஓடி முதலாவதாக வந்தது. இரண்டாவதாக வந்த இந்தியாவின் நேரம் 3:01.80. வித்தியாசம் 0.24 செக்கன். நான்கு பேர் சேர்ந்து 1600 மீற்றர் ஓடி முடித்த பிறகு இரண்டு அணிகளுக்கும் இடையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மீற்றர் தூரம்தான். ஒரு ஆள் படுத்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும்.

அந்த நால்வரின் பெயர்களையும் எழுதிவிடுகிறேன். அருண தர்ஷன, ராஜித ராஜகருணா, பபசர நிகு, காலிங்க குமாரகே. எங்கள் கரையோரத்தில் இந்தப் பெயர்களைச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தாலே பெரிய விடயம். கிரிக்கெட் அணியின் பன்னிரண்டாவது ஆளைத் தெரியும், இவர்களைத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அஞ்சலோட்டம் அப்படித்தான். நான்கு பேர் ஓடினாலும் புகைப்படத்தில் கடைசி ஆள்தான் இருப்பார். கடைசி ஆளையும் அடுத்த கிழமை மறந்துவிடுவார்கள்.

நான் பாடசாலைக் காலத்தில் அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடியவன். முந்தலுக்கும் கல்பிட்டிக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பாடசாலை ஒன்றில். அந்தப் பழக்கத்தால் இன்றைக்கும் எந்த அஞ்சலோட்டத்தைப் பார்த்தாலும் என் கண் மூன்றாவது ஆளிடமே போகும். இந்த ஓட்டத்தைப் பற்றி விபரமாக எழுத வேண்டும் என்று நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பேங்கொக் தங்கத்துக்குப் பிறகு நடந்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், புத்தளம் மாதிரியான ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் ஓட்டத்தின் முறையைச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். ஒருவர் ஓடிவந்து கோலைக் கொடுக்க, மற்றவர் வாங்கிக்கொண்டு ஓடுகிறார். ஆனால் 4×100 மீற்றரும் 4×400 மீற்றரும் இரண்டு வேறு விளையாட்டுகள். பெயர் மட்டும்தான் ஒன்று.

4×100 மீற்றரில் வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. தனக்குப் பின்னால் தரையில் ஓர் அடையாளம் வைத்திருப்பார். கோலோடு வருபவர் அந்த அடையாளத்தைத் தாண்டியதும் இவர் முழு வேகத்தில் புறப்பட்டுவிடுவார். பின்னால் இருந்து ஒரு சத்தம் வரும். உடனே கையைப் பின்னுக்கு நீட்டுவார். கோல் கையில் விழ வேண்டும். எல்லாமே 30 மீற்றர் நீளமான கைமாற்று வலயத்துக்குள் முடிந்துவிட வேண்டும். முன்பு இது 20 மீற்றராகவும், அதற்கு முன்னால் வேகமெடுப்பதற்கு 10 மீற்றராகவும் பிரிந்திருந்தது. 2017இன் இறுதியில் விதியை மாற்றி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். வலயத்துக்குள் இருக்க வேண்டியது ஓடுபவரின் கால் அல்ல, கோல். உடம்பு முழுவதும் வெளியே போயிருந்தாலும் கோல் உள்ளே இருக்கும்போது கை மாறிவிட்டால் சரி. பலர், விளையாட்டு ஆசிரியர்கள் சிலரும்கூட, இதை மாற்றித்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

4×400 மீற்றரில் நிலைமை வேறு. கோலோடு வருபவர் 400 மீற்றர் முழுவதையும் கக்கிவிட்டு வருகிறார். கடைசி நாற்பது ஐம்பது மீற்றரில் அவருடைய கால் அவருடையதாக இருக்காது. அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்துத்தான் தன்னுடைய புறப்பாட்டைக் கணிக்க வேண்டும். அதனால் இங்கே திரும்பிப் பார்த்து வாங்குகிறார்கள். வலயம் 20 மீற்றர்தான். சீக்கிரம் புறப்பட்டால் வருபவர் எட்டமாட்டார். தாமதித்தால் பின்னால் வருபவர் மேலே வந்து மோதுவார்.

பாதைகளின் கணக்கும் உண்டு. முதலாவது ஆள் முழுச் சுற்றையும் தன்னுடைய பாதைக்குள்ளேயே ஓட வேண்டும். இரண்டாவது ஆள் முதல் வளைவு முடியும் வரைக்கும் பாதைக்குள் ஓடி, அதற்குப் பிறகு உட்பக்கம் சாயலாம். மூன்றாவது, நான்காவது ஆட்கள் எங்கே நிற்பது என்பதை அவர்களே தீர்மானிக்க முடியாது. கோலோடு வரும் தங்கள் அணியினர் 200 மீற்றரைத் தாண்டும்போது எந்த ஒழுங்கில் இருக்கிறார்களோ, அந்த ஒழுங்கில் உள்ளேயிருந்து வெளியே அதிகாரிகள் நிறுத்துவார்கள். பிறகு ஒருவர் மற்றவரை முந்தி வந்தாலும் நிற்கிற ஒழுங்கு மாறாது. அதனால் மூன்றாவது ஆள் வாங்குகிற இடம் சந்தை மாதிரி. எட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள், எட்டுப் பேர் தள்ளாடி வருவார்கள். முழங்கை படும், குதிக்கால் மிதிபடும். வழக்கமாகப் பயிற்றுநர்கள் வேகமான ஆளைக் கடைசிக்கும், அடுத்தவரை முதலாவதற்கோ இரண்டாவதற்கோ வைத்துவிட்டு, நால்வரில் மெதுவானவரை மூன்றாவதில் ஒளித்து வைப்பார்கள். அது தப்புக் கணக்கு என்பது என்னுடைய அபிப்பிராயம். நெரிசலில் தலை கலங்காத ஆள் அங்கேதான் தேவை. நானே மூன்றாவதாக ஓடியதால் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

கோல் ஒரு வெற்றுக் குழாய். 28 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம், ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் விட்டம், நிறை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. கையுறை போடக் கூடாது, கையில் எதையும் பூசக் கூடாது. விழுத்தியவரே எடுக்க வேண்டும். எடுப்பதற்காகப் பாதையை விட்டு வெளியே போகலாம், ஆனால் தூரத்தைக் குறைக்கவோ அடுத்தவரை மறிக்கவோ முடியாது. எங்கள் பாடசாலையில் கோல் என்பது எஸ்லோன் குழாய்த் துண்டு. இருபக்க விளிம்பையும் மெழுகுவர்த்தியில் காட்டி மழுங்கச் செய்திருப்பார்கள். நீளமும் தடிப்பும் ஏறக்குறைய விதிப்படிதான் இருக்கும். உலகத்தில் மிக மலிவான விளையாட்டுப் பொருள் அதுவாகத்தான் இருக்கும். அஞ்சலோட்டத்துக்கு வசதியில்லை என்று யாராவது சொன்னால் அந்தக் குழாய்த் துண்டுதான் எனக்கு ஞாபகம் வரும்.

பேங்கொக்குக்குத் திரும்புவோம். 3:01.56 என்பதை நான்கால் பிரித்தால் ஆளுக்கு 45.39 செக்கன். தனித்தனியாக ஓடினால் நால்வரும் இந்த வேகத்தில் ஓடுவது இலகுவல்ல. ஆனால் முதலாவது ஆளைத் தவிர மற்ற மூவரும் ஓடத் தொடங்கிய பிறகே கோலை வாங்குகிறார்கள். ஆகவே நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற நேரம் அவர்களுக்கு மிச்சம். நல்ல அணி என்பது அந்த மிச்சத்தைச் சிந்தாமல் கொண்டுபோகிற அணி.

தோற்ற இந்திய அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர் இருந்தார், ராஜேஷ் ரமேஷ். தென்னக ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை செய்தவர். அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், மிஜோ சாக்கோ குரியன் ஆகியோர் மற்ற மூவர். இதே சம்பியன்ஷிப்பில் கலப்பு 4×400 மீற்றரில் இந்தியா தங்கம் வென்றபோதும் ராஜேஷ் ஓடினார், தமிழ்நாட்டின் சுபா வெங்கடேசனும் ஓடினார். அதற்கு முன்னால், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா 3:00.25 ஓடி அன்றைய ஆசியச் சாதனையைப் படைத்தபோது, திருச்சிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் அந்த அணியில் இருந்தார். அஞ்சலோட்டத்தைத் தொடர் ஓட்டம் என்று அழைக்கிற அந்தக் கரையில் 400 மீற்றருக்கென்று ஒரு வழி விழுந்திருக்கிறது என்பது தெரிகிறது.

பேங்கொக்கில் இலங்கையிடம் தோற்ற இந்தியா ஆறு கிழமைக்குள் என்ன செய்தது என்று பாருங்கள். ஓகஸ்ட் 26ஆம் திகதி, புடாபெஸ்ட் உலகச் சம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 2 நிமிடம் 59.05 செக்கனில் ஓடினார்கள். அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்தார்கள். முந்தைய ஆண்டு ஜப்பான் வைத்திருந்த 2:59.51 என்ற ஆசியச் சாதனை போனது. அடுத்த நாள் இறுதிப் போட்டியில் உலகத்தில் ஐந்தாவது இடம். நால்வரில் மூவர் பேங்கொக்கில் வெள்ளி வாங்கியவர்கள். பேங்கொக்கில் அவர்களை முந்தியவர்களுக்கு இப்படியொரு ஓட்டம் அமையவில்லை.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இலங்கை வீரர்கள் வேகத்தில் பின்தங்கியவர்கள் இல்லை என்பதை பேங்கொக் காட்டியது. ஆனால் அமெரிக்கர் பக்கத்துப் பாதையில் ஓடுவது ஒரு படிப்பு. அந்தப் படிப்பு கிடைத்தவனுக்கு நேரம் குறையும். அங்கே போகிற அணியில் நாலு பேருக்குப் பதிலாக ஏழெட்டுப் பேர் தயாராக இருக்க வேண்டும். ஒருவருக்குத் தொடைத் தசை இழுத்தால் இன்னொருவர் இறங்குவார். இந்தியா அனஸைக் கொண்டுவந்து ஒரு ஆளை மாற்றியது, அவ்வளவுதான். மாற்றுவதற்கு அவர்களிடம் ஆள் இருந்தது.

பிறகு ஹாங்சூ. 2022க்குரிய ஆசிய விளையாட்டு விழா, ஓராண்டு தள்ளிப் போய் 2023 செப்டெம்பர், ஒக்டோபரில் நடந்தது. ஆண்கள் 4×400 மீற்றரில் இந்தியா 3:01.58 ஓடித் தங்கம் எடுத்தது. கட்டார் 3:02.05. இலங்கை 3:02.55 ஓடி வெண்கலம். இந்தியாவின் தங்க நேரத்தையும் இலங்கையின் பேங்கொக் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3:01.58, 3:01.56. ஜூலையில் ஓடிய அதே ஓட்டத்தை ஒக்டோபரில் ஓடியிருந்தால் தங்கம். ஆனால் விளையாட்டில் இந்த மாதிரிக் கணக்கு செல்லுபடியாகாது என்பதும் எனக்குத் தெரியும். எதிரில் ஆள் இருந்தால் அவனும் வேறு மாதிரி ஓடுவான்.

பெண்கள் அணியும் அங்கே வெண்கலம் எடுத்தது. தருஷி கருணாரத்ன 800 மீற்றரில் தங்கம் வென்றார். 2002இல் சுசந்திகா ஜயசிங்கவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டு விழாவின் தடகளத்தில் இலங்கைக்குக் கிடைத்த தங்கம் அது. ஆண்கள் அஞ்சலோட்டத்தைப் பொறுத்தவரை இன்னும் பின்னுக்குப் போக வேண்டும். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை 4×400 மீற்றரில் தங்கம் வென்றிருக்கிறது. அதே விழாவில் 400 மீற்றர் தனி ஓட்டத்திலும் விமலதாச தங்கம் வென்றார். ஒரு நல்ல 400 மீற்றர் ஓட்டக்காரர் இருந்தால் அவரைச் சுற்றி மற்றவர்களும் வளர்கிறார்கள்.

ஹாங்சூவில் என் மனதில் தங்கிப்போனது வெண்கலம் அல்ல, கலப்பு 4×400 மீற்றர். அதில் இலங்கை இரண்டாவதாக வந்தது. வெள்ளி என்று எல்லோரும் நினைத்தார்கள். சிறிது நேரத்தில் பாதை விதிமீறல் என்று அறிவித்து இலங்கையைத் தகுதி நீக்கினார்கள். மூன்றாவதாக வந்த இந்தியாவுக்கு வெள்ளி போனது. அந்த இந்திய அணியின் நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன். ஓர் அணி எல்லை மீறியதற்காக இன்னொரு அணியின் கழுத்தில் பதக்கத்தின் நிறம் மாறியது.

அடுத்த ஆண்டும் அதேதான் நடந்தது. பரிஸ் ஒலிம்பிக்கின் 400 மீற்றர் தகுதிச் சுற்றில் அருண தர்ஷன 44.99 செக்கனில் ஓடினார். சுகத் திலகரத்ன 1998 பேங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் ஓடிய 44.61 இன்றும் இலங்கைச் சாதனை. அவருக்குப் பிறகு 45 செக்கனுக்குக் கீழே ஓடிய இலங்கையர் அருணதான். அரையிறுதிக்கும் போனார். அரையிறுதியில் பாதை விதிமீறலுக்காகத் தகுதி நீக்கப்பட்டார்.

பாதை விதி என்ன சொல்கிறது? வளைவில் ஓடும்போது உங்களுடைய இடதுபக்கக் கோட்டை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. உள்ளே சாய்ந்தால் தூரம் குறையும் என்பதுதான் காரணம். அண்மைக் காலத்தில் விதியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு தடவை கோட்டைத் தொடுவதைக் குறித்து வைத்துக்கொண்டு மன்னிக்கிறார்கள். இரண்டாவது தடவைக்கு மன்னிப்பு இல்லை. வளைவில் மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் போகிறவனுக்கு உடம்பு தானாகவே உள்ளே இழுக்கும். கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஓடுவது அறிவால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. சின்ன வயதிலேயே கோடு போட்ட வளைவில் ஓடிய கால்தான் அதை அறியும்.

இங்கேதான் எங்கள் கரையோரத்தின் கதை வருகிறது. புத்தளம் மாவட்டம் தெற்கே வென்னப்புவ, மாரவிலயிலிருந்து வடக்கே மன்னார் எல்லை வரைக்கும் நீளுகிறது. சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம், கல்பிட்டி. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறிய முஸ்லிம்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் உப்பளமும் தென்னையும் மரக்கறித் தோட்டமும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கல்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதே காற்றை எதிர்த்து ஓடிப் பழகுகிறார்கள்.

இந்தக் கரையில் பிள்ளைகளுக்குக் காலில் பலம் உண்டு. உடப்பில் கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். அம்பாப் பாட்டுக்கு அடி வைத்து, குதிக்காலை மணலில் புதைத்து, இருபது முப்பது பேர் ஒரே தாளத்தில் பின்னுக்கு நகர்வார்கள். விடிய எழும்பி அதில் ஒரு கை கொடுத்துவிட்டுப் பாடசாலைக்கு வருகிற பையன்களோடு நான் ஓடியிருக்கிறேன். ஆனால் மணல் கொடுப்பதும் உண்டு, எடுப்பதும் உண்டு. கெண்டைக்கால் இறுகும், மூச்சு நீளும். அடியின் நீளம் மட்டும் குறுகிவிடும். மணலில் தரை உங்களைத் திருப்பித் தள்ளாது. இறுகிய தடத்தில் ஓடும்போது கால் தரையைத் தொட்டதும் எழும்ப வேண்டும். அது எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

மைதானமும் அப்படி. கடற்கரைப் பாடசாலைகள் பலவற்றில் 200 மீற்றர் சுற்றுக்குத்தான் இடம் இருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்தின நாள் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். காற்றும் கால்களும் சேர்ந்து அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அதை அழித்துவிடும். 400 மீற்றர் ஓடுவதென்றால் இரண்டு சுற்று. வளைவு இரண்டு மடங்கு கூர்மை. பாதைக்குள் ஓடுவது என்ற பேச்சே இல்லை, எல்லோரும் உட்பக்கம் விழுந்துதான் ஓடுவோம். அப்படியே பத்து வருடம் ஓடிவிட்டு வலயமட்டத்துக்குப் போனால்தான் முழுத் தடத்தைக் காண்போம். செயற்கைத் தடத்தை நான் முதன்முதலில் மிதித்தது கொழும்பு சுகததாச மைதானத்தில். கால் அதில் பட்டதும் யாரோ கீழேயிருந்து தூக்கிவிடுவது போல இருந்தது.

மொழியும் ஒரு வலயம்தான். ஒருமுறை வெளியூர்ப் போட்டி ஒன்றில் எங்கள் அணியைக் கூப்பிட்டதே எங்களுக்கு விளங்கவில்லை. அறிவிப்பு முழுவதும் சிங்களத்தில் மட்டும். நாங்கள் நிழலில் இருந்து தோடம்பழம் தின்றுகொண்டிருக்க, எங்களுடைய ஓட்டம் போய்விட்டது. எங்களைக் கூட்டிக்கொண்டு போன சேர், “பரவாயில்லடா மக்கள், அடுத்த வருசம்” என்றார். நால்வரில் இருவருக்கு அடுத்த வருடம் வயதுப் பிரிவு தாண்டிவிட்டது. அவர்கள் அதற்குப் பிறகு ஓடவேயில்லை. பின்னர் சிங்களப் பையன்கள் இருவரும் நாங்கள் இருவருமாக ஓர் அணியில் ஓடியபோது, கோல் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கத்துவது என்று பேசி, இரண்டு மொழியிலும் இல்லாத “ஹேய்” என்ற சத்தத்தில் உடன்பட்டோம். அது நன்றாகவே வேலை செய்தது.

புத்தளம் மாவட்டத்தில் வேகமான ஆள் பிறக்கமாட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. நாத்தாண்டியாப் பக்கத்தில் வளர்ந்த யுப்புன் அபேகோன் 2022 ஜூலை 3ஆம் திகதி, சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் நகரில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடினார். தெற்காசியாவில் 10 செக்கனுக்குக் கீழே ஓடிய முதல் மனிதர். அந்தக் கிழமை நாட்டில் பெற்றோல் இல்லை, எரிபொருள் நிலையங்களின் வாசலில் வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 10.14 ஓடி வெண்கலமும் வென்றார். ஆனால் அவர் அந்த வேகத்தை எட்டியது இத்தாலியில், இத்தாலியப் பயிற்றுநரிடம். வென்னப்புவப் பக்கத்திலிருந்து வேலைக்காக இத்தாலி போகிறவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஓடுவதற்காகவும் போக வேண்டியிருக்கிறது.

ஒரு 9.96 இருந்தால் 4×100 மீற்றர் அணி வந்துவிடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் ஜப்பான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் யமகத்தா, இய்சுகா, கிரியு, கேம்பிரிட்ஜ் என்ற நால்வர் ஓடினார்கள். அன்றைக்கு அந்த நால்வரில் ஒருவர்கூட 10 செக்கனுக்குக் கீழே ஓடியவரில்லை. நால்வரின் சிறந்த நேரங்களையும் கூட்டினால் 40 செக்கனைத் தாண்டும். அவர்கள் ஓடியது 37.60. போல்ட்டின் ஜமைக்காவுக்கு அடுத்ததாக வெள்ளி. கீழிருந்து மேலாகக் கோலைக் கொடுக்கும் முறையை அவர்கள் வருடக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பழகியிருந்தார்கள். அமெரிக்கர்களோ உலகத்தில் வேகமான ஆட்களை வைத்துக்கொண்டு 2008 பெய்ஜிங்கில் கோலை விழுத்தினார்கள், டோக்கியோவில் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை, 2024 பரிஸ் இறுதியில் கைமாற்றில் பிழைத்துத் தகுதி நீக்கப்பட்டார்கள். அந்தத் தங்கம் 37.50 ஓடிய கனடாவுக்குப் போனது. வேகம் இல்லாத பாடசாலைகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? கைமாற்றைப் பழகுவதற்கு 400 மீற்றர் தடம் தேவையில்லை. ஐம்பது மீற்றர் தரையும் ஒரு எஸ்லோன் துண்டும் போதும்.

பாடசாலை முடிந்த பிறகு என்ன என்பதுதான் கடினமான கேள்வி. இலங்கையில் தேசிய மட்டத்தில் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றில் இருக்கிறார்கள். சம்பளமும் சாப்பாடும் பயிற்றுநரும் மைதானமும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. இருபது வயதுப் பையனுக்கு வேறு எங்கே அது கிடைக்கும்? தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் படைகளில் சேருவது மிகக் குறைவு. அதற்கான காரணங்களை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விளைவைச் சொல்லத்தான் வேண்டும். பதினெட்டு வயதில் எங்கள் பிள்ளையிடம் கோல் வரும்போது அடுத்த வலயத்தில் வாங்குவதற்கு யாரும் நிற்பதில்லை. பேங்கொக் நால்வரில் ஒரு தமிழ்ப் பெயர் இல்லாததற்கு வேகக் குறைவு காரணம் என்று நான் நம்பவில்லை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அது தனி மனிதனின் நிகழ்ச்சி. நாலு பேரைச் சேர்க்க வேண்டிய நிகழ்ச்சியில் திறமை மட்டும் போதாது, திறமையைப் பத்து வருடம் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் அந்த இடத்தை ரயில்வே கொடுக்கிறது. இங்கே துறைமுகம், மின்சார சபை, உள்ளூராட்சி மன்றம், உப்பு நிறுவனங்கள் என்று எத்தனையோ வேலைத்தலங்கள் இருக்கின்றன. நுரைச்சோலையில் நாட்டின் மிகப் பெரிய அனல் மின் நிலையமே நிற்கிறது. விளையாட்டு வீரருக்கு அரைநாள் வேலை, அரைநாள் பயிற்சி என்று வருடத்துக்கு நாலு இடம் ஒதுக்குவது பெரிய செலவா என்று தெரிந்தவர்கள் கணக்குப் பார்க்கட்டும்.

2024 மே மாதம் அதே பேங்கொக்கில் ஆசிய அஞ்சலோட்டச் சம்பியன்ஷிப் நடந்தது. ஆண்கள் 4×400 மீற்றரில் இலங்கை 3:04.48 ஓடி மறுபடியும் இந்தியாவை முந்தித் தங்கம் வென்றது. இந்தியாவின் நேரம் 3:05.76. கலப்பு ஓட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம், இலங்கைக்கு வெள்ளி. ஆக, ஒருநாள் அதிர்ஷ்டம் என்று 2023ஐத் தள்ளிவிட முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு கடற்கரைப் பாடசாலையில் இப்போது விளையாட்டுப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர், சுண்ணாம்புக் கோடு நிற்காததால் வேறு வழி பார்த்திருக்கிறார். கரைவலையில் கழித்துப் போட்ட நைலோன் கயிற்றை வாங்கி, வளைவு நெடுகிலும் தரையோடு தரையாக இழுத்துப் பிடித்து, இரண்டு முழத்துக்கு ஒரு கம்பி வளையம் அடித்துவைத்திருக்கிறார். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவதால் கயிற்றை மிதித்தால் கண்ணால் பார்க்காமலே தெரியும். ஒரு பாதைதான், ஒரு வளைவுதான். அதற்குமேல் கயிறு போதவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அதில் ஓடுகிறார்கள். மிதித்தவர் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். நான் பார்த்த அன்று முதல் சுற்றில் பதினொரு பேரில் ஏழு பேர் மிதித்தார்கள். நான்காவது சுற்றில் இரண்டு பேர்.

அவர்களுடைய 4×400 மீற்றர் அணிக்கு மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள், நான்காவது ஆளைத் தேடுகிறார்கள். காலில் பலமுள்ள பையன் ஒருவன் இருக்கிறானாம். பாடு நல்லாயிருக்கிற காலத்தில் அவன் பின்னேரங்களில் வாடிக்குப் போய்விடுகிறான். அவனுடைய அப்பாவோடு பேசுவதற்கு சேர் இரண்டு தரம் போய்வந்திருக்கிறார். வாரகம் தொடங்கிக் கடல் மூடியதும் பையனை அனுப்புவதாக அவர் சொல்லியிருக்கிறார்.